துரைசானிக்குப் போர்த்திய பொன்னாடைகள்

ஏலமேடு நகராட்சிக் கூட்ட அரங்கில், தலைவர் நாற்காலிக்குப் பின்னால் அறுபத்தெட்டு வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்த வார்டு வரைபடத்தை, வார்டுகளையெல்லாம் மாற்றியாயிற்று இனி இது செல்லாது என்று இரண்டு பேர் ஏணி போட்டுக் கழற்றிய அன்று, அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண், உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல், சிவப்பு வெல்வெட் சோபாவில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு எங்கள் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வார்டுகளும் இத்தனை காலம் அவள் மேல்தான் இருந்தன என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஏழாவது வார்டில் தண்ணீர் வரவில்லை, பதினோராவது வார்டில் விளக்கு எரியவில்லை என்று அந்த வரைபடத்தைக் குச்சியால் குத்திக் குத்திப் பேசிய முன்னாள் உறுப்பினர்கள் சிலர், அன்று முழுக்க வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேள்வி.

படம் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியது. ஆறடி நீளம், நாலடி உயரம். தங்கமுலாம் சட்டத்தின் அடியில் ஒரு பித்தளைத் தகடு, அதில் ‘சுனையருகே வனதேவதை’ என்று ஆங்கிலத்தில் பெயரும், வரைந்தவர் எட்வின் ஹார்கிரேவ் என்றும், 1884 என்றும் வெட்டியிருந்தது. படத்தில் சுனையும் கிடையாது, வனமும் கிடையாது. ஒரு சோபா, ஒரு திரைச்சீலை, கீழே தட்டில் இரண்டு ஆப்பிள், அவ்வளவுதான். சீமையில் அப்படித்தான் வழக்கமாம். கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வுபெற்ற ஒருவர் டீக்கடையில் விளக்கினார்: கூலிக்கு வந்த பெண்ணைத் துணியில்லாமல் படுக்கவைத்து வரைந்து, கூலிக்கு வந்த பெண் என்றே தகட்டிலும் எழுதினால் அது அசிங்கம், போலீஸ் வரும், அதே பெண்ணுக்கு வனதேவதை என்று பேர் வைத்துவிட்டால் அது கலை, பாதிரியாரே குடும்பத்தோடு வந்து நின்று என்ன ஒளி, என்ன நிழல் என்று வியந்துவிட்டுப் போவார். அவர்கள் ஒரு பேரைப் போர்த்தி மறைத்தார்கள், நாங்கள் ஒரு வரைபடத்தைப் போர்த்தி மறைத்தோம்.

யாரோ ஒரு எஸ்டேட் துரை கப்பலில் கொண்டுவந்து, போகும்போது தூக்கிப்போக மனசில்லாமல் ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போன படம் அது. அப்புறம் வந்த நம்மவர்களுக்கு, அரசாங்கச் சொத்தைத் தூக்கிப் போடவும் வழியில்லை, பெரிய மனிதர்கள் என்று பேர் வாங்கியபின் உட்கார்ந்து பார்க்கவும் வழியில்லை. அதனால்தான் ஊர் வரைபடத்தை அவள் அளவுக்கே பெரிதாக வரையச் சொல்லி மாட்டினார்கள். புது வரைபடம் வந்திருந்தால் மறுபடியும் மூடியிருப்பார்கள். ஆனால் வார்டு எல்லை வழக்கில் போய் நின்றுவிட்டதால் வரைபடம் வரவில்லை, வெள்ளைக்காரி வெளியே இருக்கும்படி ஆயிற்று. ஊரார் அவளுக்குத் துரைசானி என்று பேர் வைத்தார்கள்.

அந்த வருஷம்தான் எங்கள் ஊர்த் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். தவமணி ஜெயித்திருந்தாள். காய்கறி மார்க்கெட்டில் பதினோரு வருஷம் பீன்ஸ் விற்றவள். ஓட்டுக் கேட்டுப் போனபோது அவள் மார்க்கெட் பெண்களிடம் ஒரே ஒரு வாக்குத்தான் கொடுத்தாள். “நான் வந்தா நீங்க தண்ணி குடிச்சிட்டு யாவாரம் பண்ணலாம்.” கேட்ட ஆண்களுக்கு அது புரியவில்லை. பெண்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. காலை நாலு மணிக்கு மலைக் கிராமங்களிலிருந்து மூட்டையோடு வந்து, சாயங்காலம் ஏழு மணி பஸ்ஸுக்குத் திரும்பும் இருநூறு பெண்களுக்கு அந்த மார்க்கெட்டில் ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. ஆகவே அவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. பீன்ஸுக்கும் காரட்டுக்கும் தெளித்துத் தெளித்துத் தண்ணீர் காட்டுவார்கள், தங்கள் வாயில் ஒரு சொட்டு ஊற்றிக்கொள்ள மாட்டார்கள்.

ஜெயித்தது தவமணி, நாற்காலியில் உட்கார்ந்தது அவள் புருஷன் ராசாங்கம். இதில் எங்கள் ஊரில் யாருக்கும் ஆச்சரியமில்லை. பக்கத்து ஊரிலும் அப்படித்தான். ஊர் அவரைத் தலைவர் என்றது, அவளைத் தலைவர் வீட்டம்மா என்றது. கையெழுத்துப் போடும் இடத்தை அவர் விரலால் காட்டுவார், அவள் போடுவாள். நாற்காலிக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியைக் குறுக்காகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்தால் துரைசானியின் முகம் நேராகத் தெரியும்.

புதுத் தலைவருக்கு அதே அரங்கில் நடந்த பாராட்டு விழாவுக்கு அமைச்சர் வந்தார். படத்தை மறைக்க ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டினார்கள். அதில் அமைச்சரின் சிரித்த முகம் வந்து விழுந்த இடம் சரியில்லை என்று கட்சிக்காரர்களே அவிழ்த்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் மேடை ஏறிய எவரும் பொன்னாடை வாங்காமல் இறங்க முடியாது, தண்ணீர் பாட்டில் வைக்க ஏறினவருக்குக்கூட ஒன்று கிடைத்துவிடும். நகராட்சி மேலாளர் கோதண்டம் மைக்கைப் பிடித்து, “அடுத்ததாக… பொன்னாடை அணிவித்துக் கௌரவிக்கிறார்கள்… அடுத்ததாக…” என்று சொல்லிக்கொண்டே போக, அமைச்சர் நாற்பத்தோரு பேருக்குப் போர்த்தி முடித்திருந்தார். கைகள் தாமாகவே விரிந்து தாமாகவே மூடிக்கொண்டிருந்தன. நாற்பத்திரண்டாவது சால்வையை வாங்கிக்கொண்டு அவர் திரும்பினார், எதிரே ஒரு தோள் தெரிந்தது, போர்த்தினார்.

சால்வை சறுக்கவில்லை. துரைசானியின் தோளைத் தொட்ட இடத்திலிருந்து மெல்ல உள்ளே போயிற்று. நூலாக இருந்தது வண்ணமாயிற்று, ஜரிகை மஞ்சள் தீற்றலாயிற்று, மடிப்புக்கு மடிப்பு நிழல் விழுந்தது, ஒரு மூச்சு விடும் நேரத்தில் அது 1884லிருந்தே அவள் தோளில் கிடந்ததுபோல் ஆயிற்று. நாங்கள் கை தட்டினோம். கோதண்டம் மைக்கில், “வனதேவதை அம்மையார் அவர்கள் அன்புடன் ஏற்றுக்கொண்டார்கள்” என்றார். போட்டோக்காரர் மட்டும், “சார், மிஸ்ஸாயிடுச்சு, இன்னொரு தடவை போடுங்க” என்று கெஞ்ச, அமைச்சர் இன்னொன்றை இடுப்பின் மேல் போட்டார். அதுவும் போயிற்று.

இது எப்படி நடந்தது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. அடுத்து யார் போர்த்துவது என்பதுதான் கேள்வியாக இருந்தது. உறுப்பினர்கள் முதலில், பிறகு வர்த்தகர் சங்கம், பிறகு லாரி உரிமையாளர் சங்கம், பிறகு ஒவ்வொரு சாதிக்கும் ஒவ்வொரு சங்கம், சங்கம் இரண்டாக உடைந்த சாதிக்கு இரண்டு சால்வை. தோள் யாருக்கு, இடுப்பு யாருக்கு என்பதில் அடிதடி வரை போயிற்று. மார்பை மறைத்த பெருமை தன்னுடையதே என்று ஒன்பதாவது வார்டு உறுப்பினர் ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டினார். ஒருவர் சால்வைமேல் இன்னொருவர் போர்த்தியதும் யாருடையது எது என்று தெரியாமல் போகவே, எல்லோரும் ஜவுளிக்கடையில் சொல்லிச் சால்வையில் பெயரும் பதவியும் தங்க எழுத்தில் அச்சடித்துக் கொண்டுவந்தார்கள். அவையும் உள்ளே போய், பெயர் மாறாமல், எண்ணெய் வண்ணத்தில் மினுங்கின.

கல்யாணம் ஆனவர்கள் வந்தார்கள், தேர்வில் தேறியவர்கள் வந்தார்கள், ஜாமீனில் வந்தவர்களும் வந்தார்கள். பிறப்புச் சான்றிதழுக்கு வந்த இடத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களெல்லாம், மூடியபிறகு, எது எங்கே இருந்தது என்று நினைவு வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்கள். கலாசாரத்தைக் காப்பாற்றிய ஊர் என்று மாவட்டத்தில் எங்களுக்குப் பேர் வந்தது. நானும் ஒன்று போர்த்தினேன், இடது முழங்காலில். ஏன் பொய் சொல்ல வேண்டும், அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இந்தக் கூத்தில் மாதாந்தரக் கூட்டத்தின் பொருள் எண் பதினாலு மாதாமாதம் தள்ளிப் போயிற்று. பதினாலாவது பொருள்தான் மார்க்கெட் பெண்களுக்கான கழிப்பறை. முதல் பதின்மூன்று பொருளும் முடிவதற்குள் சால்வைக்காரர்கள் வாசலில் வந்து நின்றுவிடுவார்கள், கூட்டம் எழுந்துவிடும். ஒருமுறை சால்வைக்காரர்கள் வரத் தாமதமாகி, பதினாலு வரைக்கும் வந்தேவிட்டது. மூன்றாவது வார்டு உறுப்பினர் எழுந்து, அந்த இடம் மெயின் ரோட்டைப் பார்த்து இருக்கிறது, டூரிஸ்ட் வரும் ஊர், பெண்பிள்ளைகள் கழிப்பறை முன்னால் வரிசையில் நிற்பதைப் பார்த்தால் ஊர் மானம் என்ன ஆகும் என்றார். தவமணி பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து, “இப்ப நிக்கிறதுக்கே இடமில்லாம…” என்று ஆரம்பித்தாள். ராசாங்கம் திரும்பிப் பார்க்காமலே, “நீ சும்மா இரு” என்றார். அவள் சும்மா இருந்தாள்.

சும்மா இருந்த நேரத்திலெல்லாம் அவள் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரே பார்த்த இடங்களை அவள் பார்க்கவில்லை என்பதால், ஊர் பார்க்காத இரண்டை அவள் பார்த்தாள். ஒன்று, கைகள். உடம்பெல்லாம் பால் நிறமாக இருந்தவளுக்கு மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் கை சிவந்து, தோல் தடித்து, விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. ‘இது துரைசானி கையா? இது துணி தொவைக்கிறவ கை’ என்று தவமணிக்குத் தோன்றியது. பீன்ஸ் மூட்டை தூக்கிய தன் கையை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டாள். இரண்டாவது, பாதங்கள். குதிகால் வெடித்து, விரல்கள் குளிரில் நீலம் பாய்ந்து கிடந்தன. மறைக்க வேண்டியதை மறைக்கத்தான் ஊரே போட்டி போட்டதே தவிர, பாதத்தை மூடவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தை மாதம் உறைபனி விழுந்து குழாய்த் தண்ணீரே கல்லாகிப்போன ஒரு காலையில், அரங்கில் யாரும் இல்லாத சமயம், தவமணி தன் பையிலிருந்து ஒரு பழைய கட்டம் போட்ட துண்டை எடுத்தாள். மார்க்கெட்டில் மூட்டை தூக்கச் சும்மாடாகச் சுருட்டி வைத்துக்கொண்ட துண்டு, பதவி வந்தபிறகும் பழக்கத்தில் பையிலேயே கிடந்தது. அதை விரித்து அந்தப் பாதங்களில் சுற்றி, “குளுருமில்ல” என்றாள். துண்டு உள்ளே போயிற்று. யாரும் கை தட்டவில்லை, கோதண்டம் மைக்கில் அறிவிக்கவுமில்லை.

மாசியில் லூர்தம்மா மார்க்கெட்டில் மயங்கி விழுந்தாள். லூர்தம்மா காரட் விற்பவள், ஐம்பத்து மூன்று வயது, தவமணிக்குப் பக்கத்துக் கடை. பதினோரு வருஷமும் ஒரே சாக்கில் உட்கார்ந்து ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். சிறுநீரகத்தில் கல் என்றார்கள். தவமணி ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“டாக்டரு ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும்ங்கிறாரு” என்றாள் லூர்தம்மா. “குடிச்சிட்டு எங்கன போறது, அதையும் சீட்டுல எழுதிக் குடுங்கன்னேன். சிரிக்கிறாரு.”

“இந்தத் தடவ கூட்டத்துல வச்சிருவோம்க்கா.”

“போன தடவையும் இதத்தான் சொன்ன.” லூர்தம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒன்னயக் கொற சொல்லல தவமணி. ஒம் பேருக்குத்தான் ஓட்டுப் போட்டோம், ஒனக்குப் போட முடியல, அம்புட்டுத்தான்.”

தவமணி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதாள். நர்ஸ் வந்து, தலைவர் வீட்டம்மா அழுகிறார் என்று நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை ராசாங்கத்துக்கு ஐம்பதாவது பிறந்தநாள். அதற்குள் துரைசானி உடம்பு முழுக்கச் சால்வையாகி, ஒரு துணிக் குவியலுக்கு மேலே முகம் மட்டும் மிதந்துகொண்டிருந்தாள். பித்தளைத் தகட்டில் இன்னும் வனதேவதை என்றே இருந்தது. ராசாங்கம் ஐம்பது முழத்தில் பட்டு நெய்யச் சொல்லியிருந்தார், தன் பெயரோடு, தலையோடு கால் மூட. அது போர்த்தியானதும் பொன்னாடை விஷயம் பூர்த்தியாகிவிடும், அப்புறம் புது வரைபடத்தை மாட்டிவிடலாம். அதே வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பொருள் எண் பதினாலைக் கைவிடுவதென்றும், அந்த இடத்தில் ‘ஐ லவ் ஏலமேடு’ என்று எட்டடி எழுத்து வைத்து டூரிஸ்டுகள் போட்டோ எடுக்க ஏற்பாடு செய்வதென்றும் தீர்மானம் தயாராயிற்று. தவமணி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை மதியம் லூர்தம்மா இன்னும் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு தவமணியைப் பார்க்க நகராட்சிக்கு வந்தாள். ஆண்களெல்லாம் விழாச் சாப்பாடு எத்தனை இலை என்று பேச ஓட்டலுக்குப் போயிருந்தார்கள். லூர்தம்மா அன்று டாக்டர் சொன்னபடி மூன்று டம்ளர் தண்ணீர் குடித்திருந்தாள், பிடிவாதமாக. இப்போது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நடையில் நின்றாள். ‘அலுவலர்களுக்கு மட்டும்’ என்று எழுதிய கழிப்பறைக் கதவு பூட்டியிருந்தது, சாவி கோதண்டத்தின் பாக்கெட்டில் ஓட்டலுக்குப் போயிருந்தது. தவமணி அந்தப் பூட்டை இழுத்துப் பார்த்தாள், சுத்தியல் இருக்கிறதா என்று தேடினாள். ஒன்றும் இல்லை. லூர்தம்மா அரங்கத்துக்குள் வந்து சுவரைப் பிடித்து நின்றபோது எதிரே துரைசானி தெரிந்தாள், கழுத்துவரை துணியோடு.

“ஏத்தா,” என்றாள் லூர்தம்மா, வலியிலும் கோபத்திலும். “அம்புட்டுத் துணியையும் நீ ஒருத்தியே வச்சுக்கிட்டு என்ன செய்யப் போற? நாலு குச்சி நட்டுச் சுத்திக் கட்ட ஒண்ணு ரெண்டு குடுக்கக் கூடாதா?”

இத்தனை மாதத்தில் அவளுக்குக் கொடுக்க ஊரே வரிசையில் வந்து நின்றது. அவளிடம் ஒன்று கேட்டவர் யாரும் இல்லை. சட்டத்தின் ஓரத்தில் ஒரு சால்வையின் நுனி எட்டிப் பார்த்தது. தவமணி இழுத்தாள், வந்தது. அது போனபோது இருந்ததுபோல் இல்லை. துவைத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, சதுரமாக மடித்து வந்தது. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. உள்ளே ஒருத்தி இத்தனை மாதமும் சும்மா படுத்திருக்கவில்லை என்று தவமணிக்கு விளங்கியது. ஒருத்தி இழுக்க, ஒருத்தி வாங்க, ஒருத்தி அடுக்க, பதினெட்டு வார்டின் மானமும் மூட்டை மூட்டையாகக் கட்டி மார்க்கெட் பெண்களின் தலையில் ஏறிற்று. கடைசியில் பாதத்திலிருந்த கட்டம்போட்ட துண்டு மட்டும் வரவில்லை. தவமணி அதை இழுத்தும் பார்க்கவில்லை.

மார்க்கெட்டில் பீன்ஸ் கொடிக்கு நடும் குச்சிகளுக்கா பஞ்சம்? அரை மணியில் பள்ளம் வெட்டி, குச்சி நட்டு, கயிறு கட்டி, சால்வைகளைச் சுற்றித் தொங்கவிட்டார்கள். வர்த்தகர் சங்கம் கிழக்குச் சுவர், லாரி உரிமையாளர்கள் மேற்கு, சாதிச் சங்கங்கள் எல்லாம் எந்த வித்தியாசமும் பாராமல் தோளோடு தோள் சேர்ந்து வடக்கும் தெற்கும். அமைச்சரின் சால்வை வாசல் திரை. லூர்தம்மா முதலில் போனாள். அவள் வெளியே வந்தபோது முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து, சுற்றி நின்ற பெண்கள் எதற்கென்றே தெரியாமல் சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு வரிசை நின்றது. காலை நாலு மணியிலிருந்து அடக்கியவர்களின் வரிசை.

சேதி ஓட்டலுக்குப் போய், இலையில் கை வைத்தவர்கள் அப்படியே எழுந்து ஓடிவந்தார்கள். மெயின் ரோட்டில் நின்று பார்த்தால் தங்கள் பெயரும் பதவியும் தங்க எழுத்தில் காற்றிலாடுவது தெளிவாகத் தெரிந்தது. டூரிஸ்டுகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ராசாங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல் திரைக்கு நேரே போய், “அவுருங்கடி அத!” என்று கத்தினார்.

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் அமைதியாக, “ஆளு இருக்கு” என்றது.

அவர் பின்வாங்கி நின்றார். அந்தப் பெண் வந்தாள், அடுத்தவள் போனாள். அவர் ஒரு அடி வைத்தார். “ஆளு இருக்கு.” ஒன்பதாவது வார்டு உறுப்பினர் தெற்குப் பக்கமாகப் போய், மார்பை மறைத்த தன் சால்வையின் நுனியைத் தொட்டார். “ஆளு இருக்கு.” போலீஸ் வந்தது, இரண்டு ஆண் போலீஸும் ஒரு பெண் போலீஸும். ஆண்கள் தயங்கினார்கள், பெண் போலீஸ் வரிசையில் போய் நின்றுகொண்டார். கடைசிப் பஸ் போகும்வரைக்கும் அந்த மறைவு ஒரு நொடி காலியாக இல்லை. என் சால்வையும் அதில் இருந்தது, மேற்கு மூலையில். அவிழ்த்துத் தா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கூட்டம். தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: சந்தையில் உள்ள பொன்னாடைகளை மீட்பது. அரங்கத்துக்குள் வந்த மற்றப் பதினேழு உறுப்பினர்களும் வாசலிலேயே தலையைக் குனிந்துகொண்டார்கள், ஏனென்றால் நாற்காலிக்குப் பின்னால் துரைசானி மறுபடி முதல்நாள் கிடந்த கோலத்தில், சோபாவில் ஒருக்களித்து, பாதத்தில் மட்டும் ஒரு கட்டம்போட்ட துண்டோடு, எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவிமார் விழாவுக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்ததால், நிமிர்வது நடக்காத காரியம். கோதண்டம் கண்ணை மூடிக்கொண்டு ஐம்பது முழப் பட்டை எடுத்துப் போய்ப் போர்த்தினார். அது வழுக்கி விழுந்தது. மறுபடி போர்த்தினார், மறுபடி விழுந்தது. இனி அவள் எதையும் வாங்குவதாக இல்லை என்று தெரிந்ததும், பட்டை மடித்து மேஜைக்கடியில் வைத்துவிட்டார்.

ராசாங்கம் பிறந்தநாள் சட்டையில் வந்தார். தலையைக் குனிந்தபடியே, ஆறு மாதப் பழக்கத்தில் கால் தானாகக் கொண்டுபோக, தலைவர் நாற்காலியை அடைந்து, திரும்பி, உட்காரப் போனார்.

“ஆளு இருக்குங்க” என்றாள் தவமணி.

அந்த மன்றத்தில் அவள் முழுதாகப் பேசி முடித்த முதல் வாக்கியம் அது. சத்தமாகச் சொல்லவில்லை. புருஷன் என்ற மரியாதையும் அதில் குறையவில்லை. ராசாங்கம் பாதி உட்கார்ந்த நிலையில் நின்றார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்து முறைக்க வேண்டும் என்றால் அவளுக்குப் பின்னால் இருப்பவளையும் பார்க்க வேண்டும். பின்வரிசையில் அவருடைய அக்காமார் இருவர் இருந்தார்கள். தரையைப் பார்த்தபடியே கையை நீட்டித் தடவி, நீல பிளாஸ்டிக் நாற்காலியைக் கண்டுபிடித்து, அதில் உட்கார்ந்தார்.

“மொதப் பொருளு பதினாலு” என்றாள் தவமணி. “அங்க எழுத்து வைக்க வேணாம். மார்க்கெட்டுப் பொம்பளைகளுக்குக் கக்கூசு கட்டுறோம், எட்டு ரூம்பு, உள்தாப்பா வச்ச கதவோட. கதவு மாட்டுற வரைக்கும் இப்ப இருக்க மறைவு அப்படியே இருக்கும். மறுப்பு இருக்கவுக தல நிமிந்து சொல்லுங்க.”

பதினேழு தலைகளில் ஒன்றும் நிமிரவில்லை. கோதண்டம் தன் மேஜையைப் பார்த்தபடியே, மன்றம் தலைவணங்கி ஏகமனதாக ஏற்றது என்று எழுதினார். பென்சில் புள்ளி இல்லாத இடத்தில் தவமணி கையெழுத்துப் போட்டாள்.

கட்டிடம் நாற்பது நாளில் எழுந்தது. பெயர் பொறித்த சால்வைகள் ரோட்டோரத்தில் ஆடிக்கொண்டிருந்ததால், கதவு எப்போது மாட்டுவீர்கள் என்று உறுப்பினர்களே கொத்தனார் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினார்கள். அமைச்சர் தினமும் போன் போட்டார். புது வரைபடமும் ஒருவழியாக வந்து சேர்ந்தது. கோதண்டம் அதைச் சுருட்டியபடி அரங்கத்துக்குக் கொண்டுவந்து எங்கே மாட்டுவது என்று கேட்க, தவமணி எதிர்ச்சுவரைக் காட்டினாள். துரைசானிக்கும் ஊரைப் பார்த்த மாதிரி இருக்கட்டும் என்றாள்.

கதவு மாட்டிய மறுநாள் காலை பத்து மணிக்கு, நல்ல வியாபார நேரத்தில், லூர்தம்மா காரட் குவியலுக்குப் பின்னால் எழுந்து நின்று, ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து, ஊர் பார்க்க, கடகடவென்று குடித்தாள். குடித்து முடித்துச் செம்பைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்து, “இன்னொரு செம்பு ஊத்து” என்றாள்.